கடைக்குப் போகுமுன் வீட்டை அளந்தீர்களா?

வண்டி வந்து நின்றது.

வண்டியில் இருந்தது ஒரு சோபா. மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். பச்சை வெல்வெட் துணி போட்டது. ஏழு அடி நீளம். தெருவில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் ஓடிவந்து பார்த்தார்கள்.

அது மாடிக் குடித்தனம். புதிதாகக் குடிவந்து பதினைந்து நாள்தான் ஆகிறது. கணவன், மனைவி, கணவனின் தாயார், ஐந்து வயதுப் பையன். ஆக நான்கு பேர். இரண்டு ஆண்டு சீட்டுக் கட்டி எடுத்த பணம் 60,000 ரூபாய். அதில் 38,000 ரூபாய் கொடுத்து வாங்கிய சோபா அது.

கூலி ஆட்கள் இரண்டு பேர் சோபாவைத் தூக்கினார்கள். படி ஏறினார்கள். பாதிப் படியில் ஒரு திருப்பம். அங்கே சோபா நின்றுவிட்டது.

நிமிர்த்திப் பார்த்தார்கள். சாய்த்துப் பார்த்தார்கள். சுவரில் சுண்ணாம்பு பெயர்ந்ததுதான் மிச்சம்.

"ஏறாது, சார்" என்றார் மூத்த கூலியாள்.

"பால்கனி வழியாகக் கயிறு கட்டி ஏற்றினால்?"

"பால்கனிக்குத்தான் கம்பி அடித்திருக்கிறதே!"

தாயார் மாடியில் இருந்து எட்டிப் பார்த்தார். "ஏனப்பா, வாங்குவதற்கு முன்னால் படியை அளந்து பார்க்கவில்லையா?" என்று கேட்டார்.

மகன் மனைவியைப் பார்த்தான். மனைவி கணவனைப் பார்த்தாள்.

மூன்று இரவு அந்தச் சோபா, கீழே வீட்டுக்காரரின் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் கிடந்தது. நான்காம் நாள் கடைக்குத் திரும்பிப் போயிற்று. கடைக்காரர் 4,000 ரூபாய் கழித்துக்கொண்டு பாக்கியைக் கொடுத்தார். போகவர வண்டி வாடகை 3,000 ரூபாய்.

ஒரு நாள்கூட உட்காராத சோபாவுக்கு 7,000 ரூபாய்!

யார் மேல் குற்றம்?

இது எங்கோ ஒரு வீட்டில் மட்டும் நடக்கிற கதை அல்ல. புது வீடு போகிறவர்கள் பலருடைய கதை. சோபாவுக்குப் பதில் கட்டிலாக இருக்கும். அல்லது பீரோவாக இருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

கடைக்காரர் மேல் குற்றம் சொல்ல முடியுமா? முடியாது. குறை உள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ள மறுப்பது முறையற்ற வாணிபம் என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால், 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். ஆனால் மாடிப்படி குறுகலாக இருப்பது சோபாவின் குறை அல்லவே!

ஒரு புடவை வாங்குகிறோம். வீட்டுக்கு வந்த பிறகு பிடிக்கவில்லை. மடித்துப் பெட்டியில் வைத்துவிடலாம். தங்கைக்குக் கொடுத்துவிடலாம். கட்டிலையும் பீரோவையும் அப்படிச் செய்ய முடியுமா? பிடிக்காவிட்டாலும் அது கண் முன்னாலேயே நிற்கும். தினமும் முழங்காலில் இடிக்கும். பத்து வருஷம் இடிக்கும்.

ஆகவே, முதல் வேலை கடையில் இல்லை. வீட்டிலேயே இருக்கிறது.

ஒரு டேப், ஒரு பென்சில்

ஐந்து மீட்டர் நீளமுள்ள இரும்பு டேப் ஒன்று வாங்குங்கள். எந்த இரும்புக் கடையிலும் கிடைக்கும். வீட்டுச் சாமான்களில் முதலில் வாங்க வேண்டியது இதுதான்.

முதலில் வாசலை அளக்க வேண்டும். கதவை அளப்பது தவறு. நிலையின் உட்புறத்தை அளக்க வேண்டும். கதவை முழுவதும் திறந்து வைத்தாலும், கதவின் கனம் ஒரு அங்குலம், ஒன்றரை அங்குலம் வழியை அடைத்துக்கொள்ளும். பல வீடுகளில் தலைவாசல் மூன்றரை அடி இருக்கும். அறையின் வாசல் மூன்று அடிதான் இருக்கும். தலைவாசலுக்குள் நுழைந்த பீரோ, அறைக்குள் நுழையாமல் கூடத்திலேயே தங்கிவிட்ட வீடுகள் உண்டு.

மாடி வீடு என்றால் படியின் அகலத்தை அளக்க வேண்டும். படி திரும்புகிற இடத்தை முக்கியமாக அளக்க வேண்டும். அங்கே தலைக்கு மேல் எவ்வளவு உயரம் இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். நீளமான சாமானை அங்கேதான் நிமிர்த்துவார்கள். லிப்ட் இருந்தால் அதன் வாசல், உள் ஆழம், உயரம் மூன்றையும் அளந்துகொள்ளுங்கள்.

பிறகு அறை. நீளம், அகலம் மட்டும் போதாது. ஜன்னல் தரையில் இருந்து எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது? ஸ்விட்ச் போர்டு எந்தச் சுவரில்? கதவு உள்ளே திறக்கிறதா, வெளியே திறக்கிறதா? இவற்றைக் குறிக்காமல் பீரோ வாங்கிவிட்டு, விளக்குப் போடுவதற்குப் பீரோவின் பின்னால் கையை விட்டுத் தடவுகிறவர்கள் இருக்கிறார்கள்.

பீரோவுக்கு முன்னால் அதன் கதவு திறக்க இடம் வேண்டும். கட்டிலுக்குப் பக்கத்தில் ஆள் நடந்து போக இரண்டு அடியாவது வேண்டும். இரட்டைக் கட்டில்களில் பெரியது ஆறு அடி அகலம், ஆறரை அடி நீளம். அதற்கு அடுத்தது ஐந்து அடி அகலம். பத்துக்குப் பத்து அறையில் பெரிய கட்டிலைப் போட்டால் என்ன ஆகும்? அகலத்தில் நான்கு அடி மிச்சம். கட்டிலை நடுவில் போட்டால் பக்கத்துக்கு இரண்டு அடி. அதில் பீரோவும் நிற்க வேண்டும், ஆளும் நடக்க வேண்டும்! அந்த அறைக்கு ஐந்தடிக் கட்டில்தான் சரி.

பழைய பத்திரிகையின் உபயோகம்

அளவு எல்லோருக்கும் புரிந்துவிடாது. ஏழு அடி என்று காகிதத்தில் எழுதினால் அது சின்ன எழுத்துத்தான். தரையில் பார்க்கும்போதுதான் பெரிதாகத் தெரியும்.

அதற்கு ஒரு வழி இருக்கிறது. வீட்டில் பழைய பத்திரிகைகள் கிடக்கும். அவற்றைச் சோபா எந்த அளவோ அந்த அளவுக்குத் தரையில் பரப்புங்கள். கட்டிலுக்கும் அப்படியே, மேஜைக்கும் அப்படியே. காற்றில் பறக்காமல் ஓரத்தில் பசை நாடா ஒட்டிவிடுங்கள்.

பிறகு இரண்டு நாள் அந்த வீட்டில் வழக்கம்போல் நடமாடுங்கள். பத்திரிகையை மிதிக்கக் கூடாது. அதுதான் நிபந்தனை.

சமையல் அறையில் இருந்து குழம்புச் சட்டியை எடுத்து வரும்போது மிதிக்கிறீர்களா? பையன் பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு ஓடும்போது மிதிக்கிறானா? இரவில் பாட்டி குளியல் அறைக்குப் போகும்போது மிதிக்கிறாரா? மிதித்தால், நாளைக்கு அங்கே இடித்துக்கொள்ளப் போகிறார் என்று அர்த்தம். காகிதத்தில் இடித்தால் காயம் இல்லை. மரத்தில் இடித்தால்?

சாப்பாட்டு மேஜைக்கு இந்தச் சோதனை மிகவும் அவசியம். ஒரு ஆள் கையை மடக்காமல் சாப்பிட இரண்டு அடி இடம் வேண்டும். நாற்காலியைப் பின்னால் இழுத்து எழுந்திருக்க மேலும் இரண்டரை அடி வேண்டும். இந்த இரண்டரை அடியை மறந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். மேஜை உள்ளே வந்துவிடும். மனிதர்கள் உட்கார முடியாது.

பெட்டிக்குள் 36 நாற்காலி

வாசலில் நுழையாத சாமான் என்பது உலகம் முழுவதும் உள்ள தொல்லைதான். அதற்கு வழி கண்டவர்களும் இருக்கிறார்கள்.

மைக்கேல் தோனெட் என்று ஒரு தச்சர். ஜெர்மனியில் பிறந்து வியன்னாவில் தொழில் நடத்தியவர். மரத்தை நீராவியில் வேகவைத்து வளைக்கும் முறையைக் கண்டார். 1859-ல் அவர் ஒரு நாற்காலி செய்தார். மொத்தம் ஆறே துண்டு மரம். பத்துத் திருகாணி, இரண்டு மறை. கழற்றி அடுக்கினால், ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரமுள்ள பெட்டிக்குள் 36 நாற்காலிகள் அடங்கிவிடும்! கப்பலில் ஏற்றி எல்லா நாடுகளுக்கும் அனுப்பினார்கள். காப்பிக் கடைகளில் எல்லாம் அந்த நாற்காலி பரவியது.

ஸ்வீடன் நாட்டில் 1956-ல் இன்னொரு விஷயம் நடந்தது. ஐக்கியா கம்பெனியில் கில்லிஸ் லுண்ட்கிரென் என்பவர் வேலை பார்த்தார். ஒரு மேஜையைக் காருக்குள் வைக்க வேண்டியிருந்தது. கால் இடித்தது. "காலைக் கழற்றிவிடலாமே!" என்று அவருக்குத் தோன்றியது. கழற்றினார், மேஜை உள்ளே போயிற்று. கழற்றிய சாமானைத் தட்டைப் பெட்டியில் விற்கும் அந்தக் கம்பெனியின் வியாபாரம் அங்கிருந்து வளர்ந்தது. 2018-ல் ஐதராபாத்தில் அது தன் முதல் இந்தியக் கடையைத் திறந்தது.

நம் ஊர்த் தச்சர்களுக்கும் இது தெரியாத வித்தை அல்ல. பழைய கட்டில்களைப் பாருங்கள். தலைமாடு, கால்மாடு, பக்கச் சட்டம் என்று தனித்தனியாகக் கழன்று வரும்.

ஆகவே, கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "விலை என்ன?" என்பது அல்ல. "இது கழலுமா?" என்பதுதான். அந்தப் பச்சைச் சோபாவை வாங்கும்போது இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் 7,000 ரூபாய் மிச்சம்.

பாட்டியைக் கடைக்கு அழைத்துப் போங்கள்

சோபா வாங்கிய அன்று, "உங்களுக்குக் கால் வலி. நீங்கள் அலைய வேண்டாம் அத்தை" என்று மருமகள் சொன்னாள். அன்பாகத்தான் சொன்னாள். ஆனால், கால் வலிக்கிறவர்தான் முதலில் போயிருக்க வேண்டும்.

ஏன் தெரியுமா?

சோபா தாழ்வாக, மெத்தென்று இருந்தால் இளைஞர்களுக்குச் சுகம். வயதானவர்களுக்கு அது பள்ளம். உட்கார்ந்தால் இடுப்பு கீழே போகிறது. முழங்கால் மேலே வருகிறது. எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒருவரைக் கூப்பிடக் கூச்சப்பட்டு, அவர் தரையிலோ கட்டிலிலோ போய் உட்கார்ந்துகொள்வார். கூடத்தில் சோபா இருக்கும். பாட்டி கூடத்தில் இருக்க மாட்டார்!

வயதானவருக்கு நாற்காலியின் உயரம் முழங்காலுக்குக் கீழே போகக் கூடாது. ஏறக்குறைய 18 அங்குலம் சரியாக இருக்கும். உட்காரும் பலகை கெட்டியாக இருக்க வேண்டும். இரு பக்கமும் ஊன்றி எழுந்திருக்கக் கை இருக்க வேண்டும். முதுகு சாய்ந்திருக்கும்போது பாதம் தரையில் படிய வேண்டும்.

இதைப் பார்வையால் கண்டுபிடிக்க முடியாது. கடையில் உட்கார்ந்து பாருங்கள். கூச்சப்படாமல் பத்து நிமிஷம் உட்காருங்கள். யார் உட்காரப் போகிறாரோ அவரே உட்கார வேண்டும். எழுந்திருக்கும்போது அவர் முகத்தைப் பாருங்கள். விலைச்சீட்டு சொல்லாததை அது சொல்லும்.

சிறு பிள்ளை உள்ள வீட்டில் இன்னொரு ஜாக்கிரதை வேண்டும். உயரமாக, அகலம் குறைவாக உள்ள அலமாரி மேல் பிள்ளைகள் ஏறுவார்கள். இழுப்பறைகளைப் படி மாதிரி இழுத்து வைத்துக்கொண்டு ஏறுவார்கள். அலமாரி முன்பக்கமாகச் சாய்ந்துவிடும். அதைச் சுவரோடு இரும்புப் பட்டி போட்டுத் திருகிவிட வேண்டும். வாங்கும்போதே பட்டியைக் கேட்டு வாங்குங்கள். ஓடி விளையாடும் ஐந்து வயதுப் பையன் தடுக்கி விழுந்தால், கண்ணாடி டீப்பாயின் கூர்மையான மூலை நெற்றியில் இடிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

(டீப்பாய்க்கும் டீக்கும் சம்பந்தம் இல்லை. 'தீன்' என்றால் இந்தியில் மூன்று. 'பாய்' என்றால் பாரசீக மொழியில் கால். மூன்று கால் மேஜை என்பதுதான் அந்தச் சொல். இப்போது நான்கு காலோடு வருகிறது!)

தேக்கா, தேக்கு மாதிரியா?

மரத்தில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். "எல்லாம் தேக்குங்க" என்று சொன்னால் நம்பிவிடுகிறார்கள்.

தேக்குக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? அதில் இயற்கையாகவே ஒரு எண்ணெய்ப் பசை இருக்கிறது. கரையான் எளிதில் அணுகாது. தண்ணீர் பட்டாலும் அதிகம் முறுக்கிக்கொள்ளாது. அதனால்தான் கப்பல் கட்டத் தேக்கைத் தேடினார்கள். மலபாரில் கலெக்டராக இருந்த கானொலி என்ற ஆங்கிலேயர், 1840-களில் நிலம்பூரில் தேக்குத் தோட்டமே போட்டார். சாத்து மேனன் என்ற அதிகாரி அதை நட்டு வளர்த்தார். உலகத்திலேயே பழமையான தேக்குத் தோட்டம் அது என்கிறார்கள். அதில் ஒரு பகுதி வெட்டப்படாமல் இன்றும் நிற்கிறது. தேக்குக்கு என்றே 1995-ல் அங்கே ஒரு காட்சிச்சாலையும் திறந்தார்கள்.

ஆனால் தேக்கு மரம் முழுவதும் தேக்கின் குணம் கிடையாது. நடுப்பகுதி வைரம். வெளிப்பகுதி வெளிறு. கரையானைத் தாங்குவது வைரம் மட்டுமே. வயதான திடகாத்திரரை, "வைரம் பாய்ந்த கட்டை" என்று சும்மாவா சொன்னார்கள்? வைரம் பொன் கலந்த பழுப்பாக இருக்கும். வெளிறு வெளுத்திருக்கும். வெளிறுக்கு வர்ணம் பூசி பாலிஷ் போட்டால், மேலே பார்த்து வித்தியாசம் தெரியாது.

அப்படியானால் எங்கே பார்ப்பது? அடியில் பாருங்கள். மேஜையின் அடிப்பலகை, இழுப்பறையின் பின்பக்கம், கட்டில் சட்டத்தின் உட்புறம், இங்கெல்லாம் பெரும்பாலும் பாலிஷ் போட மாட்டார்கள். மரத்தின் நிஜ முகம் அங்கேதான் இருக்கும்.

பலகையின் ஓரத்தையும் பார்க்க வேண்டும். முழு மரமாக இருந்தால் மேலே ஓடுகிற ரேகை ஓரத்திலும் தொடர்ந்து வரும். மேலே ஒரு ரேகை, ஓரத்தில் வேறு ரேகை என்றால், மட்டமான பலகை மேல் மெல்லிய தேக்கு ஏட்டை ஒட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதற்கு வெனீர் என்று பெயர். வெனீர் மோசம் அல்ல. வெனீருக்குத் தேக்கின் விலை கொடுப்பதுதான் மோசம்.

காரைக்குடிப் பக்கம் பழைய செட்டிநாட்டு வீடுகளைப் பிரித்த தூணும் கதவும் விலைக்கு வருகின்றன. பர்மாவில் இருந்து கப்பலில் வந்த தேக்கு அவற்றில் உண்டு. பல பத்தாண்டு வெயிலையும் மழையையும் பார்த்துக் காய்ந்த மரம்; இனிமேல் சுருங்காது. அதைக் கொண்டு மேஜை செய்தால் நன்றாக இருக்கும். பழைய ஆணியும் கரையான் வழியும் இருக்கிறதா என்று தச்சரை வைத்துப் பார்த்து வாங்க வேண்டும்.

எல்லோராலும் தேக்கு வாங்க முடியுமா? முடியாது. அவசியமும் இல்லை. ரப்பர் மரம் இருக்கிறது. பால் வற்றிய பிறகு, 25, 30 வயதில் அதை வெட்டுவார்கள். மருந்து ஏற்றிப் பதப்படுத்தினால் நாற்காலிக்கும் கட்டிலுக்கும் நல்ல மரம். பதப்படுத்தாவிட்டால் சீக்கிரம் உளுத்துவிடும். எந்த மரமானாலும், "காயவைத்துப் பதப்படுத்தியதா?" என்று கேளுங்கள். பச்சை மரம் காயும்போது அகலவாட்டில் சுருங்கும். மாசியில் வாங்கிய மேஜையில் சித்திரையில் வெடிப்பு வருவது அதனால்தான். ஏற்கெனவே வீட்டில் உள்ள கட்டிலுக்கு அடியில் மாவு கொட்டியிருந்தால், முதலில் அதைக் கவனியுங்கள். உள்ளே வண்டு இருக்கிறது. புதுச் சாமானுக்கும் அது பரவக்கூடும்.

வீடு கழுவுகிற வழக்கம்

கடைகளிலும் கைப்பேசிப் படங்களிலும் குறைந்த விலையில் பளபளவென்று வருபவை பெரும்பாலும் மரத்தூளையும் சிராய்களையும் பசை போட்டு அழுத்திய பலகைகள். பார்வைக்கு அழகு. ஆனால் ஒரு விரோதி உண்டு. தண்ணீர்!

நம் வீடுகளில் வெள்ளிக்கிழமை என்றால் வாளி வாளியாக ஊற்றிக் கழுவுவது வழக்கம். மற்ற நாட்களில் ஈரத்துணி. அந்தப் பலகையின் அடிப்பாகம் தரையைத் தொட்டுக்கொண்டு நின்றால், ஓரத்தில் தண்ணீர் ஏறும். பலகை ஊறிய பொரியைப் போல் உப்பிவிடும். ஒரு தடவை உப்பினால் மறுபடி சரியாகாது. 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் புகுந்த வீடுகளில் கேட்டால் சொல்வார்கள்.

அத்தகைய சாமான் வாங்கினால், இரும்புக் கால் அல்லது பிளாஸ்டிக் குமிழ் வைத்து, தரையில் இருந்து நான்கு அங்குலமாவது உயர்ந்து நிற்பதாகப் பார்த்து வாங்குங்கள். பிளைவுட் வாங்குகிறவர்கள் அதில் உள்ள முத்திரை எண்ணைப் பார்க்க வேண்டும். ஐ.எஸ். 303 என்பது சாதாரண உபயோகத்துக்கு. ஐ.எஸ். 710 என்பது ஈரம் தாங்குகிற மரைன் பிளைவுட். சமையல் அறைக்கு எது வேண்டும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இரும்பு பீரோ விஷயம் சுருக்கமானது. கோத்ரெஜ் கம்பெனி 1923-ல் இரும்பு அலமாரி செய்யத் தொடங்கியது. அதன் பிறகு நம் கல்யாணச் சீர்வரிசையிலேயே பீரோ இடம் பிடித்துவிட்டது. அதில் பார்க்க வேண்டியது தகட்டின் கனம். அதைக் 'கேஜ்' என்று சொல்வார்கள். இதில் ஒரு வேடிக்கை: எண் குறையக் குறையத் தகடு கனம். 20 கேஜ் தகடு 22 கேஜை விடக் கெட்டி. "எங்களுடையது பெரிய நம்பர் சார்!" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

தவணையில் என்ன இருக்கிறது?

"வட்டியே இல்லை. 12 தவணை. மாதம் மூவாயிரம்தான்!"

இப்படி விளம்பரம் வருகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 தவணை என்றால் 36,000 ரூபாய். அதோடு 'புராசஸிங்' கட்டணம் ஆயிரம் என்று வையுங்கள். 37,000 ஆயிற்று. அதே சாமானை ரொக்கம் கொடுத்தால் என்ன விலை என்று கேளுங்கள். கடைக்காரர் 33,000-க்கு இறங்கினால், வித்தியாசம் 4,000 ரூபாய். வட்டி இல்லை என்று சொன்னார்களே, இது என்ன?

2013-ல் ரிசர்வ் வங்கியே இதைச் சொல்லிவிட்டது. வட்டியில்லாக் கடன் என்று ஒன்று கிடையாது, கட்டணம் என்ற பெயரில் வட்டி ஒளிந்திருக்கிறது என்று வங்கிகளைக் கண்டித்தது.

தவணையே கூடாது என்பதில்லை. கட்டில் இல்லாத வீட்டில் கட்டில் வாங்கத் தவணை போடலாம். ஷோகேஸ் வாங்கத் தவணை எதற்கு?

ஆடித் தள்ளுபடியும் அப்படித்தான். வீட்டில் எழுதிவைத்த பட்டியலில் இருக்கும் சாமானுக்குத் தள்ளுபடி கிடைத்தால் லாபம். பட்டியலில் இல்லாததைத் தள்ளுபடிக்காக வாங்கினால், கொடுத்த பணம் முழுவதும் செலவு. கொண்டுவந்து இறக்கும் கூலி, மாடி ஏற்றும் கூலி, பூட்டிக் கொடுக்கும் கூலி, வரி, எல்லாம் சேர்ந்த விலையா என்று முதலிலேயே கேட்டுப் பில்லில் எழுதி வாங்குங்கள். தகராறு வந்தால் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம் இருக்கிறது.

அழகு மெதுவாக வரட்டும்

கட்டில், பீரோ, நாற்காலி வந்து ஒரு மாதம் கழிந்த பிறகு அலங்காரப் பொருள்களை யோசித்தால் போதும். எந்தச் சுவர் வெறுமையாக இருக்கிறது, எந்த ஜன்னலில் மாலை வெயில் அடிக்கிறது என்பது குடியிருந்தால்தான் தெரியும்.

திரைச்சீலைக்கு ஜன்னலின் அகலத்தைப் போல் ஒன்றரை மடங்கு துணியாவது வேண்டும். இல்லாவிட்டால் மடிப்பு விழாது; பலகை மாதிரி தொங்கும். பருத்தித் துணி முதல் சலவையில் சுருங்கும். நீளத்தில் கொஞ்சம் சேர்த்து வாங்குங்கள். நிறத்தைக் கடை விளக்கில் பார்த்துத் தீர்மானிக்க வேண்டாம். வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் பாருங்கள்.

தரைக்கு விரிக்க வெளிநாட்டுக் கம்பளம் தேட வேண்டியதில்லை. பவானி ஜமக்காளம் இருக்கிறது. தோய்க்கலாம், உதறலாம், மடித்து வைக்கலாம். நாலு பேர் கூடுதலாக வந்தால் சோபா நீளாது, ஜமக்காளம் விரியும். பத்தமடைப் பாய் இருக்கிறது. கோரைப் புல்லை நூல்போல் கிழித்து நெய்த பட்டுப் பாயில், மணமக்களின் பெயரை நெய்து தருவார்கள். நாச்சியார்கோவில் குத்துவிளக்கு ஒன்று வைத்தால் கூடத்தின் ஒரு மூலையே நிறைந்துவிடும். தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை பையனுக்கும் பிடிக்கும். இவை நான்கும் புவிசார் குறியீடு பெற்றவை. கைவினைப் பொருள்களுக்கு 1973-ல் ஏற்பட்ட பூம்புகார் நிறுவனமும், துணிகளுக்கு 1935-ல் ஏற்பட்ட கோ-ஆப்டெக்ஸும் இருக்கின்றன.

இரண்டாவது தடவை

பச்சைச் சோபா போன வீட்டில் கையில் மிச்சம் இருந்தது 53,000 ரூபாய்.

இரண்டு வாரம் யாரும் கடைப் பேச்சே எடுக்கவில்லை. பிறகு மருமகள்தான் ஒரு டேப் வாங்கி வந்தாள். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கூடத்தில் பத்திரிகைகள் பரப்பிக் கிடந்தன. பையன் நாலு தடவை மிதித்தான். பாட்டி ஒரு தடவைகூட மிதிக்கவில்லை. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டே போனார். அதைப் பார்த்த பிறகு, அந்தச் சுவர் ஓரத்தில் ஒரு சாமானும் போடுவதில்லை என்று தீர்மானித்தார்கள்.

அடுத்த வாரம் நான்கு பேரும் கடைக்குப் போனார்கள். மருமகள் கைப்பையில் ஒரு காகிதம். நிலை 35 அங்குலம், படி 34 அங்குலம், திருப்பத்தில் உயரம் ஆறரை அடி என்று பென்சிலில் எழுதியிருந்தது.

பாட்டி ஏழு நாற்காலிகளில் உட்கார்ந்து பார்த்தார். எட்டாவது நாற்காலி ரப்பர் மரம். கை வைத்தது. கெட்டிப் பலகை மேல் மெல்லிய மெத்தை. உட்கார்ந்தார். இரண்டு கையையும் ஊன்றினார். மருமகள் கை கொடுக்க ஓடி வருவதற்குள் எழுந்து நின்றுவிட்டார்.

"இது போதும்" என்றார்.

அந்த மாதிரி இரண்டு நாற்காலியும், கழற்றிப் பூட்டுகிற ஒரு திவானும் வாங்கினார்கள். மூன்றும் சேர்ந்து 27,000 ரூபாய். பாக்கி 26,000 ரூபாய் வங்கியில் இருக்கிறது. பீரோ தைமாதத்துக்கு என்று ஒத்திவைத்தார்கள்.

சாமான் வந்த அன்று அதே மூத்த கூலியாள்தான் வந்தார். படித் திருப்பத்தில் சுண்ணாம்பு பெயர்ந்த இடத்தைப் பார்த்ததும் அவருக்கு நினைவு வந்துவிட்டது. திவானின் நீளச் சட்டத்தைத் தோளில் வைத்தபடியே நின்றார்.

"சார், இது ஏறுமா?" என்று கேட்டார்.

"ஏறும். முன்பக்கத்தை மட்டும் கொஞ்சம் தூக்கிக்கொள்ளுங்கள்" என்று மேலே இருந்து பாட்டி பதில் சொன்னார்.